காப்பதற்காகக் கொடுக்கும் பார்வை

ஒரு முறையீடும் அதன் மறுமொழியும்

பல வருஷங்களாகச் சர்க்கரை வியாதியோடு வாழ்ந்துவரும் ஒருவர், நாளிதழ் படிப்பதிலோ தூரத்தே வரும் பஸ்ஸின் எண்ணை அறிவதிலோ யாதொரு குறையும் உணராமல் இருக்கையில், வழக்கமான பரிசோதனைக்காகக் கண் மருத்துவமனைக்குச் செல்கிறார். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்த மருத்துவர், விழித்திரையில் புதிதாகக் கெட்ட நாளங்கள் முளைத்திருக்கின்றன என்றும், தாமதமின்றி லேசர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறார். அவ்வாறே சில தவணைகளில் லேசர் வைத்துக்கொண்டு வீடு திரும்பியவர், விளக்கு வைக்கும் நேரத்தில் படியிறங்கத் தடுமாறுகிறார்; சினிமாக் கொட்டகையின் இருளில் தம் இருக்கையைக் காண மற்றவர் கையைப் பற்றுகிறார்; பக்கத்துச் சந்திலிருந்து வரும் சைக்கிளை அது அருகில் வந்த பிறகே கண்டு திடுக்கிடுகிறார். "லேசர் வைப்பதற்கு முன் கண் நன்றாகத்தானே தெரிந்தது? வைத்த பிறகுதானே மங்கியது?" என்று அவர் முறையிட, மருத்துவர் அவரைச் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையைப் படிக்கச் செய்து, கடைசி வரிவரை பிழையின்றிப் படித்ததைக் கண்டு, "பார்வை சிறிதும் குறையவில்லையே" என்று மறுமொழி கூறுகிறார்.

இவ்விருவரில் பொய் சொல்பவர் எவருமில்லை. ஒருவர் தம் பார்வையின் ஓரத்தையும், மற்றவர் அதன் நடுவையும் குறித்துப் பேசுகின்றனர் என்பதே இந்தப் பிணக்கின் காரணம். காப்பாற்ற வேண்டிய விழித்திரையை நெருப்பால் சுடுவது எப்படிச் சிகிச்சையாகும், அந்தச் சூட்டினால் விளையும் இழப்புக்களில் தவிர்க்க முடியாதவை எவை, தாமே தீர்ந்துபோகிறவை எவை, நேர்ந்திருக்கவே கூடாத விபத்துக்கள் எவை என்பவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். லேசரின் தீங்குகளுள் பெரும்பகுதி அதன் நன்மையை விளைக்கும் அதே செயலிலிருந்து பிறப்பது; அதை உணர்ந்தாலன்றி, நோயாளியின் முறையீட்டுக்கு நேர்மையான விடை கூற இயலாது.

இரு புறமும் இரத்தம் பெறும் ஒரு திரை

விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் உட்புறமாகப் படிந்து கிடக்கும், கால் மில்லிமீட்டரை ஒட்டிய தடிப்பே உள்ள நரம்புத் திசு. அதன் வெளியடுக்கில் ஒளியை உணரும் செல்கள் இரு வகையாக அமைந்திருக்கின்றன. சுமார் 60 இலட்சம் கூம்புச் செல்கள், நல்ல வெளிச்சத்தில் நிறத்தையும் நுண்ணிய உருவத்தையும் அறிபவை. இவை திரையின் மத்தியில், மாக்குலா என்று மருத்துவர் வழங்கும் நடுப்பகுதியில், மிக நெருங்கி நிற்கின்றன. சுமார் 12 கோடி குச்சிச் செல்கள், மங்கிய ஒளியில் பார்ப்பதற்கும் பக்கத்தில் அசைவதை அறிவதற்கும் உரியவை. இவை மத்தியின் நட்டநடுவில் சிறிதும் இல்லாமல், சுற்றியுள்ள பரப்பு முழுவதும் பரவியிருக்கின்றன.

இந்த மெல்லிய திரைக்குப் பிராணவாயு இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது. அதன் உள்ளடுக்குகளை விழித்திரையின் சொந்த இரத்த நாளங்கள் போஷிக்கின்றன. ஒளியை உணரும் செல்கள் நிற்கும் வெளியடுக்கையோ, பின்னால் அடர்ந்து கிடக்கும் கோராய்டு என்னும் இரத்தப் படலம் போஷிக்கிறது. நெடுநாள் நீடித்த நீரிழிவு, விழித்திரையின் சொந்த நாளங்களையே, அவற்றுள்ளும் மயிரிழையினும் நுண்ணிய கிளைகளையே முதலில் தாக்குகிறது. சில கிளைகள் கசியத் தொடங்குகின்றன. கசிந்த நீர் மாக்குலாவில் தேங்கினால் எழுத்துக்கள் மங்கும். வேறு சில கிளைகள் அடைபட்டுப்போகின்றன. அவற்றை நம்பியிருந்த திசு பிராணவாயுவுக்குத் தவிக்கும். விழித்திரையின் சிரை அடைபடும் நோயிலும் இதே தவிப்பு நேர்வதுண்டு.

தவிக்கும் திசு, புதிய நாளங்களை வளர்க்குமாறு தூண்டும் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அதை நாளத் தூண்டி என்று இங்கே குறிப்போம். அப்படிப்பட்ட பொருள் ஒன்று இருக்க வேண்டும் என்று ஐசக் மைக்கேல்ஸன் 1948ஆம் ஆண்டிலேயே ஊகித்துக் கூறினார். தூண்டப்பட்டு முளைக்கும் நாளங்கள் இயற்கையான உறுதியற்றவை. அவை திரையின் மேற்பரப்பில் படர்ந்து, கண்ணின் உட்குழியை நிரப்பும் பாகினைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. அந்தப் பாகு சுருங்கி இழுக்கும்போது அறுந்து இரத்தத்தைக் கொட்டுகின்றன. நாளடைவில் நார்த் திசுவாக முறுகி, விழித்திரையையே சுவரிலிருந்து பெயர்த்துவிடுகின்றன. இவ்வளவும் உள்ளே நடந்துகொண்டிருக்கையில், நடுப்பகுதி சேதமுறாதவரை நோயாளிக்கு எழுத்துக்கள் தெளிவாகவே தெரியும். நம் நோயாளி 'நன்றாகத் தெரிந்தது' என்று சொன்ன நாள், பேராபத்துக்கு மிக அண்மையில் நின்ற நாள்.

தழும்புகள் கற்பித்த பாடம்

ஒளியைக் கொண்டு கண்ணின் உள்ளே சூடு போடலாம் என்ற எண்ணம், ஒளியால் கண் கெட்டவர்களைக் கண்டதிலிருந்தே பிறந்தது. 1945 ஜூலை மாதம் ஐரோப்பாவில் தோன்றிய சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து விழித்திரை வெந்தவர்களை ஆராய்ந்த ஜெர்மானிய மருத்துவர் கெர்ட் மேயர்-ஷ்விக்கராத், அந்தத் தழும்பின் தன்மையைக் கூர்ந்து நோக்கி, கிழிந்த விழித்திரையை இவ்விதச் சூட்டினாலேயே சுவரோடு ஒட்டவைக்கலாமே என்று சிந்தித்தார். ஹாம்பர்க் நகர மருத்துவமனையின் கூரைமேல் கருவியை அமைத்து, சூரிய ஒளியையே நோயாளியின் கண்ணுக்குள் செலுத்திச் சிகிச்சை செய்தார். மேகம் மறைக்கும் நாட்களில் அது பயன்படாமையால், பின்னர் கார்பன் விளக்கையும், 1950களின் இடையில் ஸைஸ் கம்பெனியார் அமைத்துக் கொடுத்த ஸெனான் விளக்கையும் உபயோகித்தார். 1960ஆம் ஆண்டில் தியோடர் மைமன் முதல் லேசரைப் படைத்ததும், அதைக் கண் மருத்துவர் விரைந்து ஏற்றனர். 1968ஆம் ஆண்டு முதல் ஆர்கான் லேசர் மனிதர் கண்ணில் பிரயோகிக்கப்பட்டது.

புது நாளங்களை மட்டும் சுடாமல், நோயற்றதுபோல் தோன்றும் பரப்பெங்கும் புள்ளி புள்ளியாகச் சுடும் துணிவு எங்கிருந்து வந்தது என்று கேட்பது இயல்பே. பாஸ்டன் நகரத்தில் ஜாஸ்லின் நீரிழிவு மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த வில்லியம் பீதமும் லாயிட் ஐயெல்லோவும், வேறு ஏதோ பழைய நோயினால் விழித்திரையில் பரவலாகத் தழும்பேறிய கண்களை நீரிழிவு அவ்வளவாகத் தீண்டுவதில்லை என்பதைக் கவனித்து, அத்தகைய தழும்புகளைச் செயற்கையாக உண்டாக்க 1960களின் பிற்பகுதியில் முற்பட்டனர். அந்நாளில் இந்நோய்க்கு இருந்த மாற்று வழி, பிட்யூட்டரிச் சுரப்பியையே அழித்துவிடுவது. உடல் முழுவதையும் ஆளும் சுரப்பியைப் பலியிட்டுக் கண்ணைக் காப்பதோடு ஒப்பிடுகையில், கண்ணின் ஓரத்தைப் பலியிட்டு நடுவைக் காப்பது பெரிய விலையாகத் தோன்றவில்லை.

அது உண்மையில் பயன் தருகிறதா என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவ, அமெரிக்காவில் 15 மருத்துவ மையங்கள் சேர்ந்து 1970களின் முற்பகுதியில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கின. 1,700க்கு மேற்பட்ட நோயாளிகளில், ஒவ்வொருவருக்கும் ஒரு கண் மட்டும் குலுக்கல் முறையில் சிகிச்சைக்குத் தேர்ந்தெடுக்கப்பட, மற்றக் கண் அப்படியே விடப்பட்டு இரண்டும் ஒப்பிடப்பட்டன. 200 அடித் தொலைவில் படிக்க வேண்டிய எழுத்தை 5 அடிக்கு வந்தும் படிக்க இயலாத நிலையைக் கடும் இழப்பு என்று வரையறுத்தனர். இரண்டு வருஷ முடிவில், சிகிச்சை பெறாத கண்களில் 100க்குச் சுமார் 16 இந்நிலையை அடைந்திருக்க, சிகிச்சை பெற்றவற்றில் 100க்குச் சுமார் 6 மட்டுமே அடைந்திருந்தன. இம்முடிவு 1976ஆம் ஆண்டு வெளியானதும், விடப்பட்ட மற்றக் கண்களுக்கும் சிகிச்சை செய்ய அனுமதிப்பதே தர்மம் என்று ஆராய்ச்சியின் விதிகளே மாற்றப்பட்டன. அதே ஆராய்ச்சி வேறொன்றையும் மறைக்காமல் கூறியது: சிகிச்சை பெற்ற கண்களில் சிலவற்றில் பக்கப் பார்வை சுருங்கியது, சிலவற்றில் எழுத்துப் பலகையில் ஒரு வரி, இரு வரி குறைந்தது, இத்தீங்குகள் ஆர்கானைவிட ஸெனானில் மிகுதியாக இருந்தன.

சுடுவதால் நன்மை எப்படி?

கண்ணின் முன்பகுதி தெளிவாயிருப்பதால், லேசரின் கதிர் அதைச் சுடாமல் கடந்து, விழித்திரைக்குப் பின்னே உள்ள கரிய நிறமிப் படலத்தை அடைந்து, அங்கே உறிஞ்சப்பட்டு உஷ்ணமாக மாறுகிறது. அந்த உஷ்ணம், நிறமிப் படலத்தின்மேல் நிற்கும் ஒளியுணர் செல்களைக் கொல்கிறது. மருத்துவர் நோக்கும் கருவியில், ஒரு விநாடியில் பத்திலொரு பங்கு நேரத்துக்குள், செந்நிறப் பரப்பில் சாம்பல் கலந்த வெண்புள்ளி ஒன்று தோன்றுகிறது. வாரங்கள் செல்லச் செல்ல அதன் விளிம்பு கறுத்துத் தழும்பாகிறது.

கொல்லப்படுபவை ஒளியுணர் செல்கள் என்பதில்தான் இதன் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. உடலில் மிகுதியாகப் பிராணவாயுவைச் செலவிடும் திசுக்களுள் விழித்திரை ஒன்று. அதிலும் பெரும்பங்கைக் கொள்பவை இந்தச் செல்களே. மழை பொய்த்த வருஷத்தில், ஏரியில் நிற்கும் அரைகுறை நீரை ஆயக்கட்டு முழுவதற்கும் பகிர்ந்தால் எல்லாப் பயிரும் கதிர் முற்றுமுன் கருகும் என்றறிந்த ஊரார், கூடிப் பேசி, கடைமடை நிலங்களைத் தரிசாக விட்டு, மதகை ஒட்டிய நிலங்களை விளைவித்துக்கொள்வதுண்டு. லேசர் செய்வதும் அத்தகைய ஓர் ஏற்பாடே. சுட்ட இடத்தில் செலவு நின்றுவிடுவதால், கோராய்டிலிருந்து வரும் பிராணவாயு அங்கே உண்ணப்படாமல், தவித்துக்கொண்டிருந்த உள்ளடுக்குகளை எட்டுகிறது. 1981ஆம் ஆண்டில் ஐனார் ஸ்டெஃபான்ஸன் முதலியோர் பிராணிகளின் கண்ணில் செய்த அளவீடுகள் இதை உறுதி செய்தன. தவிப்புக் குறைய, நாளத் தூண்டியின் சுரப்பும் குறைகிறது. புது நாளங்கள் வாடுகின்றன. 1994ஆம் ஆண்டில், பாஸ்டனின் அந்த ஐயெல்லோவின் மகனாகிய லாயிட் பால் ஐயெல்லோவும் அவருடைய சகாக்களும், நோயுற்ற கண்ணின் நீரில் நாளத் தூண்டி மிகுந்திருப்பதையும், லேசர் பலித்த பின் அது குறைந்துவிடுவதையும் அளந்து காட்டினர். தகப்பனார் தழும்புகளைக் கண்டு ஊகித்ததன் காரணத்தை, மகன் கால் நூற்றாண்டுக்குப் பின் இரசாயனத்தால் விளக்கினார்.

ஒரு கண்ணின் கணக்கு

எவ்வளவு கொடுத்து எவ்வளவு பெறுகிறோம் என்பதை ஒரு கண்ணை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். பழைய ஆராய்ச்சிகள் வகுத்த முறைப்படி, விழித்திரையில் அரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சுடுபுள்ளிகள் 1,200 முதல் 1,600 வரை இடப்பட வேண்டும். நாம் 1,500 என்று கொள்வோம். அரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 0.2 சதுர மில்லிமீட்டர். அதை 1,500ஆல் பெருக்க, மொத்தம் 300 சதுர மில்லிமீட்டர். முழு விழித்திரையின் பரப்போ சுமார் 1,100 சதுர மில்லிமீட்டர். ஆகவே, நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட திரை வேண்டுமென்றே அழிக்கப்படுகிறது.

கால்பங்கை இழந்தவர் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை படிப்பது எப்படி என்றால், படிப்பதற்கு வேண்டிய இடம் அவ்வளவு சிறியது என்பதே விடை. மாக்குலாவின் குறுக்களவு ஐந்தரை மில்லிமீட்டர். அதன் பரப்பு சுமார் 24 சதுர மில்லிமீட்டர். முழுத் திரையில் நாற்பதில் ஒரு பங்குகூட நிறைவதில்லை. சுடுபுள்ளிகள் அனைத்தும் இந்தச் சிறிய இராஜ்யத்துக்கு வெளியிலேயே, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு இடப்படுகின்றன. கூம்புச் செல்களின் தலைநகரம் தப்புகிறது. குச்சிச் செல்களின் நாட்டுப்புறம் வேகிறது. எழுத்துப் பலகை தலைநகரத்தை மட்டுமே சோதிக்கும் கருவியாதலின், மருத்துவரின் மறுமொழியில் பிழையில்லை. இருளிலும் ஓரத்திலும் தடுமாறும் நோயாளியின் அனுபவம் அந்தக் கருவிக்கு எட்டுவதில்லை.

இதே கணக்கு இன்னும் இரண்டு செய்திகளைத் தெரிவிக்கும். தழும்புகள் வருஷக்கணக்கில் மெல்ல விரிவடையும் சுபாவமுடையவை. அரை மில்லிமீட்டர்ப் புள்ளி 0.6 மில்லிமீட்டராக வளர்ந்தது என்று வைத்துக்கொண்டால், குறுக்களவில் கூடியது ஐந்தில் ஒரு பங்கே ஆயினும், பரப்பில் 100க்கு 44 கூடி, 300 என்பது 430ஐத் தாண்டிவிடும். மாறாக, இக்காலத்துக் கருவிகள் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் கதிரால் சிறிய, ஆழம் குறைந்த புள்ளிகளை இடுகின்றன. புள்ளியின் குறுக்களவு 0.4 மில்லிமீட்டரானால், அதே 300 சதுர மில்லிமீட்டரைச் சுட 1,500க்குப் பதில் ஏறக்குறைய 2,400 புள்ளிகள் தேவைப்படும். வலி குறைந்த புதிய முறையில் புள்ளிகளின் எண்ணிக்கை பெருகியிருப்பதைக் கண்டு அஞ்சுவதற்குக் காரணமில்லை. எண்ணிக்கையைக் குறைத்து மென்மையாக முடித்துவிட்டால், நோய் அடங்காமல் தலையெடுக்கும்.

தவிர்க்க முடியாத இழப்பு

இருளில் பார்வை குறைவதும், வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் கண் பழகுவதற்கு நெடுநேரம் ஆவதும், பார்வையின் சுற்றெல்லை சுருங்குவதும், இச்சிகிச்சையோடு கூடப் பிறந்தவை. அவற்றின் அளவு, இடப்பட்ட சூடுகளின் தொகையையும், நோய் முன்பே செய்திருந்த சேதத்தையும் பொறுத்து மாறும். பலருக்கு அது அன்றாட வாழ்வில் உறுத்தாது. இரவில் வாகனம் ஓட்டிப் பிழைப்பவருக்கோ, அது ஜீவனத்தையே தொடும் விஷயம். பிரிட்டனில் இரு கண்களிலும் இந்த லேசர் பெற்றவர்கள் வாகன உரிமம் வழங்கும் இலாகாவுக்கு அதைத் தெரிவித்தாக வேண்டும். பக்கப் பார்வைப் பரிசோதனையில் தேறினாலன்றி அவர்கள் வண்டி ஓட்ட இயலாது. அத்தகைய கட்டாயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், லாரியோ ஆட்டோவோ ஓட்டுபவரிடம் அவர் தொழிலை விசாரித்தறிந்து, முன்னும் பின்னும் பக்கப் பார்வையை அளந்து வைப்பது மருத்துவரின் கடமை.

இன்னொரு வகை இழப்பும் உண்டு. விழித்திரைக்குப் பின்னால், கோராய்டுக்கும் வெண்சுவருக்கும் இடையே, கண்மணியைச் சுருக்கவும் அண்மைப் பொருளில் பார்வையைக் குவிக்கவும் ஏவும் நுண்ணிய நரம்புகள் ஓடுகின்றன. சூடு ஆழமாகச் சென்றால் இவையும் வாடி, கண்மணி விரிந்தே நிற்கும், வெளிச்சம் கூசும், வயதில் இளையவருக்கும் புத்தகம் படிக்கக் கண்ணாடி வேண்டியதாகும். பெரும்பாலும் சில மாதங்களில் இது சீர்ப்படும். இந்நரம்புகளுள் நீண்டவை கடிகாரத்தின் மூன்று மணி, ஒன்பது மணித் திசைகளில் ஓடுவதால், அவ்விடங்களைச் சுடும்போது வலி சுருக்கென்று தைக்கும். அதைத் தாங்கமாட்டாமல் நோயாளி தலையைப் பின்னுக்கு இழுக்கக்கூடுமாதலால், வலி மிகுந்தோர்க்குக் கண்ணருகில் மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு தொடர்வதே உத்தமம்.

சில வாரங்களின் தொல்லை

சூட்டினால் எழும் அழற்சி, ஏற்கெனவே கசியும் சுபாவமுள்ள மாக்குலாவில் நீரைத் தேக்கி, சில வாரங்களுக்கு எழுத்துக்களை மங்கச் செய்வதுண்டு. இதை முன்னிட்டே பலர் சிகிச்சையைச் சில தவணைகளாகப் பிரிக்கின்றனர். மாக்குலாவில் வீக்கம் முன்பே இருந்தால், முதலில் அதற்கு மருந்தளித்துவிட்டு ஓரத்துக்குச் செல்கின்றனர்.

ஒரே அமர்வில் மிகுதியாகச் சுட்டுவிட்டால், கோராய்டு வீங்கி, அதன் பின்னே நீர் சேர்ந்து, கண்ணின் உள்ளுறுப்புக்களை முன்னோக்கித் தள்ளும். அப்பொழுது முன்கண்ணின் நீர் வடியும் கோணம் அடைபட்டு, கண்ணின் அழுத்தம் திடீரென ஏறும். அன்றிரவோ மறுநாளோ கடுமையான கண்வலியும் தலைவலியும் குமட்டலும் தோன்றினால், அதைப் பித்தம் என்றெண்ணி வீட்டில் படுத்திருக்கலாகாது. உடனே மருந்திட்டால் அழுத்தம் இறங்கும், வீக்கம் சில நாட்களில் தானே வடிந்துவிடும்.

லேசருக்குப் பின் சில வாரங்களில் கண்ணுக்குள் இரத்தம் கசிந்து, கரும்புள்ளிகளும் நூலிழைகளும் மிதப்பது மற்றொரு தொல்லை. இதில் பழி எவருடையது என்று பகுத்தறிய வேண்டும். புது நாளங்கள் லேசர் வைத்த அன்றே மறைவதில்லை. வாடுவதற்குப் பல வாரங்கள் ஆகும். அந்த இடைக்காலத்தில் அவை அறுந்தால், அது பெரும்பாலும் நோயின் செயலே. லேசர் வைக்காதிருந்தாலும் நிகழ்ந்திருக்கக்கூடியது. ஆயினும், தடித்த நார்த் திசு முன்பே படர்ந்த கண்ணில், நாளங்கள் வேகமாகச் சுருங்குவதால் விழித்திரை இழுபட்டுப் பெயரக்கூடும். அதில் சிகிச்சைக்கும் பங்குண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

விபத்து என்று சொல்லத்தக்கவை

இனிச் சொல்லப்போவன விலையுமல்ல, இடைக்காலத் தொல்லையுமல்ல. சிகிச்சையின்போது கண்மேல் வைக்கும் தொடுவில்லை வழியே தோன்றும் பிம்பம் பல வேளைகளில் தலைகீழாகவும் இடவலம் மாறியும் இருக்கும். மருத்துவர் திசை தடுமாறினாலோ, நோயாளி அந்த நொடியில் இருமிக் கண்ணைத் திருப்பினாலோ, ஒரேயொரு சூடு மாக்குலாவின் நட்டநடுவில் விழுந்து, படிக்கும் பார்வையை நிரந்தரமாக அழித்துவிடக்கூடும். ஓரத்தில் 1,500 சூடுகள் செய்யாத தீங்கை, நடுவில் விழும் ஒரு சூடு செய்துவிடும். மாக்குலாவின் கசிவை அடக்க அதன் அருகிலேயே இடப்பட்ட பழைய சூடுகளின் தழும்பு, வருஷங்கள் கழித்து விரிந்து நடுவை எட்டியதும் உண்டு.

கதிரின் வலிமை மிகுதியாகவும் புள்ளி சிறியதாகவும் இருந்தால், நிறமிப் படலத்துக்கு அடியிலுள்ள புரூக் சவ்வு பிளந்து, கோராய்டிலிருந்து இரத்தம் பீறிடும். அப்பொழுது மருத்துவர் கண்மேல் உள்ள தொடுவில்லையைக் கையால் அழுத்திக் கண்ணின் அழுத்தத்தை உயர்த்தி, அதனால் இரத்தத்தை நிறுத்துவார். பிளந்த சவ்வின் வழியே பிற்காலத்தில் புதுநாளம் நுழைவதும் உண்டு. புரை படர்ந்த கண்ணில் கதிரின் ஒரு பகுதியை அந்தப் புரையே உறிஞ்சிக்கொள்வதால், வலிமையைக் கூட்டிக்கொண்டே செல்லும் மருத்துவர், புரையில்லாத இடுக்கு வழியாகக் கதிர் செல்லும் க்ஷணத்தில் எதிர்பாராத கடுஞ்சூட்டை உண்டாக்கிவிடுவார்.

இவ்விபத்துக்கள் குறைந்துவருவதற்குக் காரணம், அவற்றை ஒளிக்காமல் ஆராய்ந்ததே. ஆர்கான் லேசரின் நீலக் கதிரை மாக்குலாவின் மஞ்சள் நிறமி மிகுதியாக உறிஞ்சுவது தெரிந்ததும், பச்சைக் கதிரும் மஞ்சட் கதிரும் அதன் ஸ்தானத்தைப் பெற்றன. நீல ஒளியின் தெறிப்பை நாள்தோறும் கண்டுவந்த மருத்துவர்கள் சிலருக்கே நீலத்தைப் பகுத்தறியும் சக்தி சிறிது குறைந்திருந்ததும் அவ்வாராய்ச்சிகளால் வெளிப்பட்டது.

ஊசி வந்த பிறகு

நாளத் தூண்டியை நேரே முறிக்கும் மருந்துகளைக் கண்ணுக்குள் ஊசியால் செலுத்தும் முறை இந்நூற்றாண்டில் பரவியபின், சுடாமலே நோயை அடக்கலாமே என்ற நம்பிக்கை பிறந்தது. 305 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2015ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று, இரண்டு வருஷ முடிவில் ஊசி பெற்ற கண்களின் நடுப்பார்வை லேசர் பெற்றவற்றுக்குத் தாழ்வில்லை என்றும், பக்கப் பார்வையின் இழப்பு ஊசியில் மிகக் குறைவு என்றும் காட்டியது. ஆனால் ஊசியின் பலன் சில வாரங்களே நிற்கும். திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் வராமல் நின்றுவிட்ட நோயாளிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, லேசர் பெற்றிருந்தவர்களைவிட ஊசி மட்டும் பெற்றிருந்தவர்களின் கண்களே மோசமாகக் கெட்டிருந்தன.

ஆகவே எது சிறந்தது என்ற வினாவுக்கு விடை, கண்ணை மட்டும் பார்த்துச் சொல்லத்தக்கதன்று. ஒரு நாள் கூலியை இழந்து, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு, மாவட்டத் தலைநகருக்குப் பஸ்ஸேறி வரவேண்டிய விவசாயி, மாதந்தோறும் தவறாமல் வருவது அரிது என்றால், ஓரத்தைச் சிறிது இழந்தாலும் நெடுங்காலம் காக்கும் லேசரே அவருக்கு அரண். அடிக்கடி வர வசதியும், இரவுப் பார்வையைச் சார்ந்த தொழிலும் உடையவருக்கு ஊசி உகந்ததாகலாம்.

முன்கூட்டிச் சொல்ல வேண்டியவை

லேசர் வைக்குமுன் நோயாளிக்குச் சொல்லப்பட வேண்டியவை சிலவே. இது இன்றைய பார்வையை வளர்ப்பதற்கன்று, நாளைய குருட்டைத் தடுப்பதற்கு என்பது முதலாவது. இருளிலும் ஓரத்திலும் சிறிது குறையும், அது திரும்ப வராது என்பது இரண்டாவது. சில வாரம் எழுத்து மங்கலாம், அது பெரும்பாலும் தெளியும் என்பது மூன்றாவது. கடும் வலியோடு வாந்தி வந்தாலோ, கரும்புள்ளிகள் திடீரெனப் பொழிந்தாலோ, திரை விழுந்தாற்போல் ஒரு புறம் மறைந்தாலோ, நேர்கோடுகள் கோணலாகத் தெரிந்தாலோ, அடுத்த தவணைக்குக் காத்திராமல் அன்றே வரவேண்டும் என்பது நான்காவது. கருவியில் முகம் வைத்திருக்கும்போது இருமல் வந்தால், இருமுவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதும் அற்ப விஷயமன்று.

இவற்றைச் சொன்னால் நோயாளி பயந்து ஓடிவிடுவார் என்று கருதிச் சொல்லாது விடுவோர் உண்டு. உண்மை இதற்கு எதிரானது. முதல் தவணைக்குப் பின் பார்வை மங்கியதும், தம்மை ஏமாற்றிவிட்டதாக எண்ணி, இரண்டாம் தவணைக்கு வராமல் நின்றுவிடுகிறவர், முன்பே எச்சரிக்கப்படாதவரே. அரைகுறையாய்ச் சுடப்பட்ட கண்ணில், சுட்ட இடத்தின் பார்வையும் போயிற்று. அடங்காத நாளங்கள் வளர்ந்து, எஞ்சிய பார்வையையும் கொண்டுபோகும். விலையைக் கொடுத்தும் பொருளைப் பெறாத அந்த நிலையே லேசர் சிகிச்சையின் மிகக் கொடிய விளைவு. அதைத் தடுக்க வேறு கருவி தேவையில்லை, சிகிச்சை அறைக்குள் அழைக்குமுன் நோயாளியோடு பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசும் மருத்துவர் தேவை.